ஜெம் 777 மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

1987-இல் ஐபனெஸ் நிறுவனம் கொண்டுவந்த ஜெம் 777 கிட்டாரில் 'லாக் நெஸ் கிரீன்' என்ற பச்சை நிறத்தில் வந்தவை மொத்தமே 777. ஒவ்வொன்றிலும் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாய் கையெழுத்துப் போட்டு எண்ணும் எழுதினார். ஜப்பானில் ஃபுஜிகென் ஆலையில் உருவானவை. இன்று ஒன்று கையில் இருந்தால் அதைத் தொடவே பயமாக இருக்கும். அந்தப் பயத்திலேயே பலர் வருடக்கணக்கில் கோளாறோடு வாசித்துக்கொண்டிருக்கிறார்கள், அல்லது பெட்டியில் பூட்டி வைத்துவிடுகிறார்கள்.

அந்தக் காலத்து ஜெம்களிலும், அதே எட்ஜ் பிரிட்ஜோடு (கம்பிகளைத் தாங்கும், ஆட்டக்கூடிய உலோகப் பாகம்) வந்த ஐபனெஸ் ஆர்.ஜி. 550 கிட்டார்களிலும் திரும்பத் திரும்ப ஒரே கோளாறுகள்தான் வருகின்றன. "அண்ணா, நெக் வளைஞ்சிடுச்சு", "பிக்கப் போயிடுச்சு" (பிக்கப் என்பது கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) என்று சொல்லிக்கொண்டு வருவதில் பெரும்பகுதி கடைசியில் பிரிட்ஜிலோ, நெக்கின் மேல்முனையில் கம்பிகளைப் பூட்டும் நட்டிலோதான் போய் முடியும். அதனால் இங்கே பிரிட்ஜ் பகுதி நீளமாக இருக்கும், மற்றவை சுருக்கமாக இருக்கும்.

படிக்கும் முறை இதுதான். உங்கள் அறிகுறியின் தலைப்புக்குப் போங்கள். அதன் கீழே காரணங்கள் மலிவானதில் தொடங்கிச் செலவானதில் முடியும். வரிசையைத் தாண்டாதீர்கள். துளையிடுவது, அரம் போடுவது, ஒட்டுவது, ஃபிரெட்டை (நெக்கில் குறுக்காகப் பதித்த உலோகக் கோடு) தேய்ப்பது என்று திரும்பப் பழையபடி ஆக்க முடியாத வேலை எது வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். எண் போட்ட கிட்டாரில் அந்த வேலைகளை வீட்டு மேசையில் செய்ய வேண்டாம். கைபழக வேண்டுமென்றால் ஒரு பழைய ஆர்.ஜி. 550-ஐ வைத்துப் பழகுங்கள்.

வேண்டியவை: முனை மழுங்காத நல்ல 3 மி.மீ. ஆலன் கீ, டியூனர், டார்ச், பூதக்கண்ணாடி, மி.மீ. குறித்த இரும்பு ஸ்கேல், மல்டிமீட்டர், மெல்லிய மார்க்கர் பேனா, 9-42 தடிமன் கம்பி ஒரு செட். மல்டிமீட்டர் தவிர மற்ற எதற்கும் பெரிய செலவு இல்லை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் கம்பியை மாற்றுங்கள். துருப்பிடித்த கம்பியை வைத்துக்கொண்டு எந்தச் சோதனை செய்தாலும் பொய்தான் சொல்லும். ஆறையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒன்றைக் கழற்றி, புதியதைப் போட்டு, சுருதிக்குக் கொண்டுவந்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். ஆறும் ஒன்றாக இறங்கினால் பின்னால் இருக்கும் ஸ்பிரிங் பிரிட்ஜைக் குழிக்குள் இழுத்துவிடும். புதுக்கம்பியை விரலால் மெதுவாக இழுத்து இழுத்துத் தளர்வெடுங்கள். இழுத்தாலும் சுருதி இறங்காத நிலை வந்த பிறகுதான் நட்டைப் பூட்ட வேண்டும்.


அறிகுறி: வாமி பார் பயன்படுத்தினால் சுருதி விலகுகிறது

வாமி பார் என்பது பிரிட்ஜை ஆட்டிச் சுருதியை ஏற்றி இறக்கும் கைப்பிடி. அதிகம் வரும் புகார் இதுதான். "எட்ஜ் தேய்ந்துவிட்டது, புது பிரிட்ஜ் வாங்கணும்" என்று முடிவெடுத்துவிட்டு வருபவர்கள்தான் இதில் அதிகம். அதற்கு முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள், செலவு இல்லை.

நட்டைப் பூட்டி, பிரிட்ஜில் இருக்கும் நுணுக்கத் திருகான ஃபைன் டியூனரால் எல்லாக் கம்பிகளையும் சரியாகச் சுருதி சேருங்கள். பாரை நன்றாகக் கீழே அழுத்தி, டப்பென்று விடாமல் கையோடு கூட்டிவந்து விடுங்கள். டியூனரைப் பாருங்கள், எழுதி வையுங்கள். அடுத்து பாரை மேலே தூக்கி, அதேபோல மெதுவாகத் திரும்ப விடுங்கள். மறுபடி பாருங்கள், எழுதுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்தால் கீழ்க்கண்ட வகைகளில் ஒன்று தெளிவாகத் தெரியும்.

அழுத்திவிட்டால் ஏறி நிற்கிறது, தூக்கிவிட்டால் இறங்கி நிற்கிறது

கம்பி நட்டில் வழுக்குகிறது. பார் அழுத்தும்போது வாசிக்கும் பக்கம் கம்பி தளரும், ஹெட்ஸ்டாக் (நெக்கின் தலைப்பகுதி) பக்கம் இறுக்கமாகவே இருக்கும். அந்த இறுக்கம் கம்பியைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். திரும்பும்போது அது முழுதாக வராது, அதனால் சுருதி ஏறிவிடும். தூக்கும்போது இதே கதை தலைகீழாக நடக்கும்.

உறுதிசெய்ய, நட்டை ஒட்டி ஹெட்ஸ்டாக் பக்கத்தில் கம்பி மேல் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். பாரை நாலைந்து முறை அடித்துவிட்டுப் பாருங்கள். புள்ளி நட்டின் விளிம்பிலிருந்து நகர்ந்திருந்தால் சந்தேகமே இல்லை.

முதலில் மூன்று பூட்டுத் திருகுகளையும் சரியான ஆலன் கீயால் இறுக்குங்கள். கையால் திருப்பும் இறுக்கம் போதும், குழாய் மாட்டி நெம்ப வேண்டாம். அதிலும் நிற்காவிட்டால் பூட்டுத் துண்டுகளைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். முப்பது நாற்பது வருடம் கம்பி அழுத்திய இடத்தில் தடம் விழுந்திருக்கும். மெல்லிய கம்பி, பெரும்பாலும் பி அல்லது மேல் ஈ, அந்தத் தடத்துக்குள் பதுங்கிப் பிடி கிடைக்காமல் போகும். துண்டைப் பக்கம் மாற்றிப் போட்டாலே சரியாகிவிடும் சமயங்கள் உண்டு. தடம் ஆழமாக இருந்தால் பூட்டுத் துண்டுகளை மட்டும் புதிதாக வாங்குங்கள். நட் முழுவதையும் மாற்ற வேண்டிய நிலை அபூர்வம்.

நட்டே அடியோடு அசைகிறதா என்பதையும் விரலால் தள்ளிப் பாருங்கள். அதைப் பிடித்திருக்கும் திருகு நெக்கின் பின்புறமிருந்து வருகிறதா, மேலிருந்து இறங்குகிறதா என்று பார்த்து இறுக்குங்கள். திருகு சும்மா சுற்றினால், அதாவது மரம் பிடி விட்டிருந்தால், இது வீட்டு வேலை இல்லை.

அழுத்திவிட்டால் இறங்கி நிற்கிறது, தூக்கிவிட்டால் ஏறி நிற்கிறது

இங்கே நட் நிரபராதி. பிரிட்ஜ் தன் பழைய இடத்துக்கு வராமல் வழியிலேயே நின்றுவிடுகிறது. பிரிட்ஜின் முன்விளிம்பில் இருக்கும் கத்திமுனைகள் இரண்டு தூண்களில் ஊன்றித்தான் ஆடுகின்றன. அந்த இடத்தில் உராய்வு இருக்கிறது.

முதல் காரணம் அழுக்கு. பழைய வியர்வையும் தூசியும் சேர்ந்து தூணின் கழுத்தில் கரிய களிம்பாக நிற்கும். மெல்லிய தூரிகையால் சுத்தம் செய்து, பல்குத்தும் குச்சி முனையில் துளி வாசலின் எடுத்துத் தொடும் இடத்தில் வையுங்கள். துளிதான். வழிந்தால் மரத்துக்குள் இறங்கும்.

அப்படியும் மாறவில்லையா? கம்பிகளைத் தளர்த்தி, பின்மூடியைத் திறந்து ஸ்பிரிங்கைக் கழற்றி, பிரிட்ஜை வெளியே எடுங்கள். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். நல்ல கத்திமுனையில் ஒளி ஒரே மெல்லிய கோடாக ஓடும். தேய்ந்த முனையில் அந்தக் கோடு நடுவில் உடைந்து, தூண் உட்கார்ந்த இடத்தில் பிறைபோல ஒரு மழுங்கல் பளபளக்கும். தூணின் பள்ளத்தையும் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கினால் தூணிலும் வடு இருக்கிறது.

தூண் மலிவு, பிரிட்ஜ் விலை அதிகம். எனவே முதலில் தூண்களை மாற்றிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். கழற்றிய பழைய தூண்களைச் சிறு உறையில் போட்டு, என்ன என்று எழுதிப் பெட்டியிலேயே வையுங்கள். இந்தக் கிட்டாரில் பழைய திருகுக்கும் விலை உண்டு.

கத்திமுனையே போயிருந்தால் அரத்தை எடுக்காதீர்கள். அந்த விளிம்பின் கோணம் கொஞ்சம் மாறினாலும் பிரிட்ஜ் வேறு மாதிரி ஆட ஆரம்பிக்கும், திரும்பச் சரிசெய்ய வழியில்லை. இது கைதேர்ந்தவரின் வேலை. அல்லது இன்னொரு எட்ஜ் தேடி வாங்கிப் போட்டு, அசலைப் பத்திரமாக எடுத்து வைக்கலாம். எட்ஜ் அந்தக் காலத்தோடு நின்றுவிட்ட பொருள் இல்லை. 2018-இல் மறுபடி வந்த ஆர்.ஜி. 550-இலும் அதே எட்ஜ்தான். ஆகவே உதிரிபாகம் கிடைக்காது என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

ஏன் தேய்கிறது என்பதற்கு அதிகம் பார்க்கும் காரணம் ஒன்று: கம்பி முழு இறுக்கத்தில் இருக்கும்போதே தூணைத் திருகி ஆக்ஷனை, அதாவது ஃபிரெட்டுக்கு மேல் கம்பியின் உயரத்தை, ஏற்றி இறக்குவது. அப்படிச் செய்தால் தூண் ஒவ்வொரு திருப்பத்திலும் கத்திமுனையைச் சுரண்டும். முதலில் கம்பியைத் தளர்த்துங்கள், அப்புறம் திருகுங்கள். சில தூண்களின் நடுவே சின்னப் பூட்டுத் திருகு ஒன்றும் இருக்கும். இருந்தால் அதைத் தளர்த்தாமல் தூணைத் திருப்பாதீர்கள்.

ஒரே ஒரு கம்பி மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது

மற்ற ஐந்தும் நன்றாக இருந்தால் கத்திமுனை, ஸ்பிரிங் எல்லாம் கணக்கிலேயே வராது. அந்தக் கம்பி பிரிட்ஜில் தன் சேடிலுக்குள் (ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகத் தாங்கும் துண்டு) வழுக்குகிறது. எட்ஜில் கம்பியின் உருண்டை முனையை வெட்டிவிட்டு, ஒரு சிறு இரும்புக் கட்டைக்கும் சேடிலுக்கும் நடுவே நெருக்கிப் பிடிக்கிறோம். கம்பி முழு ஆழத்துக்கு இறங்காமல் பாதியில் பிடிபட்டிருக்கலாம். கழற்றி மறுபடி செருகுங்கள்.

கழற்றும்போது அந்தக் கட்டையையும் வெளியே எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் குழிந்திருந்தால் திருப்பிப் போடுங்கள். இரண்டு பக்கமும் குழிந்திருந்தால் கட்டையை மாற்றுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. கட்டை நிற்கும் சேடிலின் சுவரில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அளவுக்கு மீறி இறுக்கிய கிட்டார்களில் இது வரும். விரிசல் இருந்தால் அந்தச் சேடிலை மாற்றத்தான் வேண்டும், பசை போட்டால் நிற்காது.

பாரைத் தொடவே இல்லை, ஆனாலும் ஆறும் மெல்ல மெல்ல இறங்குகின்றன

கம்பி புதிதென்றால் தளர்வெடுக்கவில்லை. பழசென்றால் தூண்களைப் பாருங்கள். ஜெம்மின் உடல் பாஸ்வுட், மென்மையான மரம். தூண் உட்காரும் உலோகக் கூடு அந்த மரத்தில் பிடி விட்டால் கம்பியின் இழுப்பில் முன்பக்கம் சாயும். கம்பி முழு இறுக்கத்தில் இருக்கும்போது பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள். தூண் நேராக நிற்கிறதா? அதன் பின்புறம் நூலளவு இடைவெளி தெரிகிறதா? தூணுக்கும் பிக்கப் குழிக்கும் நடுவே பெயின்டில் விரிசல் ஓடுகிறதா? இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் கம்பியை உடனே தளர்த்திவிட்டு நிபுணரிடம் கொண்டுபோங்கள். "கொஞ்சம் சூப்பர் க்ளூ விட்டுப் பார்க்கலாமே" என்று தோன்றும். விட்டால் பிறகு யாராலும் ஒழுங்காகச் சரிசெய்ய முடியாது.

இவை கோளாறே இல்லை

ஒரு கம்பியை பெண்ட் செய்தால் (பக்கவாட்டில் தள்ளி வளைத்தால்) மற்றவை இறங்குகின்றன, பிரிட்ஜ் மேல் கையை ஊன்றினால் சுருதி ஏறுகிறது, ஒரு கம்பி அறுந்தால் மீதி எல்லாம் ஏறிவிடுகின்றன. மிதக்கும் பிரிட்ஜ் அப்படித்தான் இருக்கும். இதைச் சரிசெய்யச் சொல்லியும் ஆட்கள் வருகிறார்கள்.


அறிகுறி: நட்டைப் பூட்டும்போது சுருதி ஏறுகிறது

நன்றாகச் சுருதி சேர்த்துவிட்டுப் பூட்டினால் எல்லாம் ஒரேயடியாக ஏறுகின்றன, ஃபைன் டியூனரை எவ்வளவு திருப்பினாலும் எட்டவில்லை என்றால் நட்டுக்குப் பின்னால், ஹெட்ஸ்டாக்கில் இருக்கும் குறுக்குக் கம்பியைப் பாருங்கள். அது கம்பிகளை அழுத்தி நட்டின் சரிவோடு படிய வைக்க வேண்டும். உயரமாக இருந்தால் கம்பி நட்டின் பின்புறத்தில் தூக்கி நிற்கும். பூட்டும் துண்டு அதைக் கீழே அமுக்கும்போது இழுபடும், சுருதி ஏறும். அந்தக் குறுக்குக் கம்பியின் இரண்டு திருகுகளையும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். ஐந்து நிமிட வேலை. ஃபைன் டியூனர்களைப் பூட்டுவதற்கு முன்பே பாதித் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் திருப்ப இடம் இருக்கும்.


அறிகுறி: பிரிட்ஜ் சாய்ந்து நிற்கிறது

பக்கவாட்டில் பாருங்கள். பிரிட்ஜின் அடித்தகடு உடலுக்கு இணையாக இருக்க வேண்டும்.

வால்பக்கம் தூக்கி நின்றால் கம்பியின் இழுப்பு ஜெயிக்கிறது. கனமான கம்பி போட்டீர்களா? 9-42-க்கு அமைத்த கிட்டாரில் 10-46 போட்டால் இப்படித்தான் நிற்கும். வால்பக்கம் குழிக்குள் அமுங்கியிருந்தால் ஸ்பிரிங் ஜெயிக்கிறது. ஜெம்மில் பிரிட்ஜுக்குப் பின்னால் சிங்கம் பிராண்டியது போலச் செதுக்கிய குழி இருப்பதால் வால் ஆழமாக இறங்கவும் இடம் உண்டு. இதனாலேயே சாய்வு சட்டென்று கண்ணில் படாமல் போகும்.

பின்மூடியைத் திறங்கள். ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் கொக்கித் தகட்டுக்கு இரண்டு நீளமான திருகுகள் உண்டு. வால் தூக்கியிருந்தால் இரண்டையும் அரைச்சுற்று இறுக்குங்கள். அமுங்கியிருந்தால் அரைச்சுற்று தளர்த்துங்கள். நட்டைப் பூட்டாமல் மறுபடி முழுக்கச் சுருதி சேருங்கள், பாருங்கள், தேவையென்றால் இன்னொரு அரைச்சுற்று. ஒவ்வொரு முறையும் சுருதி சேர்த்த பிறகுதான் சாய்வை அளக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் வழிதவறுகிறார்கள்.

இறுக்க இறுக்க வால் இறங்கவே இல்லை என்றால் ஸ்பிரிங் களைத்துவிட்டது. புது ஸ்பிரிங் வாங்குங்கள், மலிவுதான். திருகு பிடி இல்லாமல் சுற்றுகிறது, அல்லது தகட்டோடு சேர்ந்து வெளியே வருகிறது என்றால் மரத்தில் ஓட்டை பெரிதாகிவிட்டது. பழைய ஓட்டையை அடைத்து உறுதியான மரக்குச்சி வைத்து மறுபடி துளையிட வேண்டும். பாஸ்வுட்டில் இதை நேர்கோணத்தில் செய்ய அனுபவம் வேண்டும். கொண்டுபோங்கள்.

மழைக்காலத்தில் சரியாக இருந்தது கோடையில் சாய்ந்தால் பதற வேண்டாம். மேப்பிள் நெக் ஈரத்துக்கு ஏற்ப அசையும், நெக் அசைந்தால் பிரிட்ஜின் சமநிலையும் அசையும். கடலோர ஊர்களில் வருடத்துக்கு இரண்டு முறை கொக்கித் திருகைத் தொட வேண்டிவரும், அவ்வளவுதான்.

பார் தானே லொடலொடவென்று ஆடினால் அது வேறு விஷயம். பார் செருகும் இடத்தில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் வளையங்கள் தேய்ந்திருக்கும், மாற்றுங்கள். வாசிப்பை நிறுத்திய பிறகும் கிட்டாருக்குள் 'ஞ்ஞ்' என்று ஏதோ கூடவே ஒலிக்கிறதா? ஸ்பிரிங்குகள் பாடுகின்றன. அவற்றுக்கு நடுவே சிறு துண்டு ஸ்பாஞ்ச் செருகினால் அடங்கிவிடும்.


அறிகுறி: கம்பி ஃபிரெட்டில் உரசுகிறது, அல்லது பெண்ட் பாதியில் செத்துப்போகிறது

நெக்கைக் குற்றம் சொல்வதற்கு முன் மேலே சொன்ன சாய்வைச் சரிசெய்தீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் அமுங்கியிருந்தால் ஆக்ஷன் தானாகத் தாழும், உரசாமல் என்ன செய்யும்?

பிரிட்ஜ் இணையாக இருக்கும்போது 12-ஆவது ஃபிரெட்டுக்கு மேல் கம்பியின் உயரத்தை அளந்து பாருங்கள். மேல் ஈ கம்பிக்கு 1.5 மி.மீ., கீழ் ஈ (தடித்த) கம்பிக்கு 2 மி.மீ. என்பது வசதியான தொடக்கம். குறைவாக இருந்தால் கம்பியைத் தளர்த்தி, தூண்களைச் சிறிது ஏற்றுங்கள்.

முதல் சில ஃபிரெட்களில் மட்டும் உரசல்: நெக் பின்னோக்கி வளைந்திருக்கலாம். கீழ் ஈ கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து, 7 அல்லது 8-ஆவது ஃபிரெட்டில் இடைவெளியைப் பாருங்கள். 0.2 மி.மீ. அளவு இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாவிட்டால் டிரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டு) தளர்த்த வேண்டும். ஹெட்ஸ்டாக் மூடியைக் கழற்றி, சரியாகப் பொருந்தும் சாக்கெட்டால் கால் சுற்று மட்டும். சுருதி சேர்த்து, ஒரு நாள் விட்டு, மறுபடி அளங்கள். ராட் இறுகிப்போய் அசையவில்லை, கிறீச் என்கிறது, அல்லது எந்தப் பக்கம் திருப்பினாலும் நெக்கில் மாற்றமே இல்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள். பழைய நெக்கில் ராட் முறிந்தால் அதன் செலவே வேறு.

நடு ஃபிரெட்களில் உரசல், இடைவெளியும் அதிகம்: ராடைக் கால் சுற்று இறுக்குங்கள். மற்றபடி அதே விதிகள்.

ஒரே ஒரு ஃபிரெட்டில் மட்டும் உரசல்: நேரான சிறு தகடு ஒன்றை மூன்று ஃபிரெட் மேல் வைத்துப் பாருங்கள். நடு ஃபிரெட் உயர்ந்திருந்தால் தகடு சாய்ந்தாடும். ஃபிரெட் மரத்திலிருந்து மேலெழும்பியிருக்கிறது. தட்டி உட்கார வைப்பது, தேய்ப்பது எல்லாம் நிபுணருக்கு. 777-இன் ஃபிங்கர்போர்டு மேப்பிள், மேலே பூச்சு உண்டு, மங்கி மறையும் பிரமிட் இன்லேயும் (பதித்த அலங்காரம்) உண்டு. ஃபிரெட் மாற்ற வேண்டிவந்தால் மேப்பிள் போர்டில் வேலை செய்த அனுபவம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். ரோஸ்வுட்டில் மட்டும் பழகிய கை இங்கே பூச்சைப் பெயர்த்துவிடும்.

21 முதல் 24 வரை சுருதி ஏறி ஒலிக்கிறது: அந்த நாலு ஃபிரெட்களுக்கு நடுவே மரத்தைக் குழித்திருக்கிறார்கள். விரல் மரத்தைத் தொடாது, அழுத்தினால் கம்பி குழிக்குள் இறங்கிச் சுருதி ஏறும். மெதுவாக அழுத்தப் பழகுவதைத் தவிர வேறு மருந்து இல்லை. அதே இடத்தில் கீழ்க்கம்பிகள் ஒரு நோட்டுக்கு இரண்டாக அலைபாய்ந்தால் நெக் பிக்கப் கம்பிக்கு மிக அருகில் இருக்கிறது. காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கிறது. பிக்கப்பை ஒன்றிரண்டு மி.மீ. இறக்கிப் பாருங்கள்.

நெக்கைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை வரும். காரணமில்லாமல் கழற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் நெக் திருகுகள் மரத்தில் கொஞ்சம் பிடி இழக்கின்றன.


அறிகுறி: 12-ஆவது ஃபிரெட்டுக்கு மேல் சுருதி சேரவில்லை

புதுக்கம்பி, பிரிட்ஜ் இணை, ஆக்ஷன் சரி. இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் இதைத் தொட வேண்டும். 12-இல் அழுத்திய நோட்டு, அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு மட்டும் எழுப்பும் ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால். கம்பியைத் தளர்த்தி, சேடிலைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தித்தான் நகர்த்த முடியும். அந்தத் திருகு துருப்பிடித்து அசையாவிட்டால் கீயை வைத்து நெம்பாதீர்கள். துருநீக்கி எண்ணெய் ஒரு துளி விட்டு ஓர் இரவு விடுங்கள். தலை உருண்டுபோன திருகை எடுப்பது பிரிட்ஜை வெளியே எடுத்துச் செய்யும் பட்டறை வேலை.


அறிகுறி: சத்தம் இல்லை, கரகரப்பு, இரைச்சல்

முதலில் கேபிளையும் ஆம்பையும் வேறு கிட்டாரில் சோதியுங்கள். சிரிக்காதீர்கள், பலருடைய 'செத்த பிக்கப்' அங்கேயே உயிர் பெற்றிருக்கிறது. அடுத்து ஜாக். பிளக்கை மெதுவாக ஆட்டினால் சத்தம் வந்து வந்து போனால் ஜாக்கின் தகடு தளர்ந்திருக்கிறது, அல்லது சால்டர் விட்டிருக்கிறது.

வால்யூம், டோன் திருப்பினால் கரகரப்பு

குமிழுக்கு அடியில் இருக்கும் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) என்ற பாகத்தின் சிறு திறப்புக்குள் கான்டாக்ட் கிளீனரை அடித்து, முழுச்சுற்றாக முப்பது முறையாவது திருப்புங்கள். போகாவிட்டால் பாட் மாற்ற வேண்டும். பழையதை எடுத்து வைக்க மறக்காதீர்கள். பாட் மேல் உள்ள அசல் சால்டரைப் பார்த்து விலை சொல்பவர்கள் உண்டு.

சுவிட்சின் சில நிலைகளில் மட்டும் சத்தம் இல்லை அல்லது மெலிவு

இங்கே மல்டிமீட்டர் நிறைய வேலையை மிச்சப்படுத்தும். கேபிளைக் கிட்டாரில் செருகி, மறுமுனை பிளக்கின் நுனியிலும் உடலிலும் மீட்டரை வையுங்கள். வால்யூம் முழுதாகத் திறந்திருக்கட்டும். ஓம் அளவில் ஒவ்வொரு நிலையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

1-ஆவது நிலை பிரிட்ஜ் ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப்), 5-ஆவது நெக் ஹம்பக்கர். இரண்டும் டிமார்ஸியோ நிறுவனத்தின் பாஃப் புரோ. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 8.4 கிலோ ஓம். பாட் இடையில் இருப்பதால் மீட்டர் கொஞ்சம் குறைத்துக் காட்டும். 3 நடு சிங்கிள் காயில். 2-இலும் 4-இலும் ஹம்பக்கரின் ஒரு காயில் மட்டும் நடுப்பிக்கப்போடு சேரும், அதனால் எண் நன்றாகவே குறைந்து வரும்.

1-இல் 8-க்குப் பதில் 4 வந்தால் ஒரு காயில் மட்டும் வேலை செய்கிறது. காயில் பிரிக்கும் ஒயர் எங்கோ தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது சுவிட்ச் அழுக்கு. சுவிட்சுக்குள் கிளீனர் அடித்து வேகமாக முன்னும் பின்னும் அசைத்துவிட்டு மறுபடி அளங்கள். எண் மாறினால் சுவிட்ச்தான். எண்ணே வராமல் முடிவிலி காட்டினால் சுவிட்சுக்கு வரும் பிக்கப் ஒயரிலேயே நேராக அளங்கள். அங்கே 8 வந்தால் பிக்கப் நலம். அங்கேயும் முடிவிலி என்றால் காயில் அறுந்திருக்கிறது. அதைத் திரும்பச் சுற்றுவது பிக்கப் சுற்றுபவரின் வேலை. மாற்றுப் பிக்கப் கிடைக்கும்தான், ஆனால் அசல் பிக்கப்பை விற்கவோ வீசவோ செய்யாதீர்கள்.

சுவிட்சே போயிருந்தால் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்) வகையை வாங்கி அப்படியே மாட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இந்த ஒயரிங் அதற்குப் பொருந்தாது, 2-உம் 4-உம் கெட்டுப்போகும்.

ஹம் இரைச்சல்

3-ஆவது நிலையில் மட்டும் ஹம் என்றால் அது சிங்கிள் காயிலின் குணம். எல்லா நிலையிலும் ஹம் இருந்து, கம்பியைத் தொட்டால் குறைந்தால் எர்த் ஒயர் நலமாக இருக்கிறது, இரைச்சல் வெளியிலிருந்து வருகிறது. ட்யூப்லைட், சார்ஜர், கணினி எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி நில்லுங்கள். கம்பியைத் தொட்டாலும் கொஞ்சமும் மாறாவிட்டால் ஸ்பிரிங் கொக்கித் தகட்டுக்குச் சால்டர் செய்த ஒயர் விட்டுப்போயிருக்கும். பின்மூடியைத் திறந்ததும் தொங்குவது கண்ணில் படும். தகடு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், ஆகவே சிறிய சால்டரிங் அயன் போதாது.

கம்பியையோ மைக்கையோ தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் கிட்டாரை வைத்துவிட்டு ஆம்பின் பிளக்கைப் பிடுங்குங்கள். இது கிட்டார் கோளாறு இல்லை. ஆம்பிலோ வீட்டு எர்த்திலோ பிழை. எலக்ட்ரீஷியன் பார்க்காமல் திரும்ப வாசிக்காதீர்கள்.


அறிகுறி: நிறம் மங்குகிறது, கோடு விழுகிறது

ஃபுளோரசன்ட் நிறம் வெயிலில் வெளிறும், திரும்பாது. ஜன்னலோரச் சுவரில் மாட்டாதீர்கள். நெக் சேரும் குழியின் ஓரத்தில் மயிரிழைக் கோடுகள் இந்தக் காலத்து கிட்டார்களில் சகஜம். நெக்கை மெதுவாக அசைத்துப் பாருங்கள். கோடு திறந்து மூடினால் மரத்திலேயே விரிசல், கொண்டுபோக வேண்டியதுதான். அசையாவிட்டால் பெயின்ட் மட்டும், விட்டுவிடலாம். கைப்பிடி போலக் குடைந்த ஓட்டையின் விளிம்பில் பெயின்ட் உதிர்ந்தாலும் அதே பதில். கையெழுத்து இருக்கும் இடத்தில் பாலிஷ், ஆல்கஹால், ஈரத்துணி எதுவும் வேண்டாம். காய்ந்த மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும்.


நிபுணரிடம் கொண்டுபோகும்போது

தூண் சாய்வு, கொக்கித் திருகு பிடிவிடுதல், கத்திமுனை மழுங்கல், ஃபிரெட் வேலை, அசையாத டிரஸ் ராட், அறுந்த காயில். இந்த ஆறுக்கும் வீட்டில் தீர்வு தேடாதீர்கள். போவதற்கு முன் சுருதி விலகும் பக்கம், மல்டிமீட்டர் எண்கள், நெக் இடைவெளி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். "சரியா வரல" என்று மட்டும் சொன்னால் அவர் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும், அந்த நேரத்துக்கும் நீங்கள்தான் பணம் தருவீர்கள். கையெழுத்து, எண், உள்குழி, சால்டர் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாரைக் கழற்றித் தனியாக வையுங்கள், கம்பிகளைச் சுருதியிலேயே விட்டு, பிரிட்ஜின் வாலுக்கு அடியில் துணி சுற்றிய சிறு மரத்துண்டு ஒன்றை அண்டக் கொடுத்துப் பெட்டியை மூடுங்கள்.